சர்வர் இழுக்கிறதா? ரேம், எஸ்எஸ்டி, ஸ்விட்ச், புதுப் பெட்டி: எதற்குக் காசு கொடுக்கலாம்

"ஏனுங்க, புது சர்வர் வாங்கிப் போட்டாச் சரியாயிருமுங்களா?" திருப்பூர், கரூர்ப் பக்கம் ஏற்றுமதிக் கம்பெனிகளில் சிஸ்டம் மெதுவானால் முதலாளி கேட்கும் முதல் கேள்வி இதுதான். சனிக்கிழமை வாரச் சம்பளம், ஜாப் ஒர்க் டீசி (வெளியே வேலைக்கு அனுப்பும் சரக்கின் டெலிவரி சலான்), இ-வே பில் எல்லாம் ஒன்றாகச் சேரும் நேரத்தில் இழுத்தால் யாருக்குமே பொறுமை இருக்காது. ஆனால் கடைக்காரர் கொட்டேஷன் போடும் முன் இலவசமாக ஒரு சோதனை செய்துவிடலாம். சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து, இழுக்கிற அதே ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அங்கேயும் இழுத்தால் கோளாறு பெட்டிக்குள். அங்கே பறந்து, பேக்கிங் செக்‌ஷன் கம்ப்யூட்டரில் மட்டும் நகர மறுத்தால் கோளாறு வழியில்.

பெட்டிக்குள் என்றால் ரேமுக்கும் (வேலை நடக்கும்போது பயன்படும் மெமரி), சுழலும் தட்டில்லாத டிஸ்கான எஸ்எஸ்டிக்கும்தான் போட்டி. எல்லோரும் ரேமைத்தான் முதலில் சொல்வார்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் அது நியாயம். ஆனால் பல சிறு ஈஆர்பிகள் (பில், ஸ்டாக், கணக்கு எல்லாம் பார்க்கும் சாஃப்ட்வேர்) மைக்ரோசாஃப்ட்டின் இலவச டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் ஓடுகின்றன. 2022 பதிப்பு வரை அது டேட்டாவை வைத்துக்கொள்ள எடுக்கும் மெமரி 1,410 எம்பிதான். நீங்கள் 64 ஜிபி போட்டாலும் மிச்சத்தைப் பெரும்பாலும் அது தொடாது.

என் ஓட்டு எஸ்எஸ்டிக்கே. 7,200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்கில் தட்டு அரைச் சுற்று சுற்றவே 4 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். அதோடு ஹெட் நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் டேட்டாவை செகண்டுக்கு ஏறக்குறைய நூறு தடவைதான் எடுக்க முடியும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே பல்லாயிரம் தடவை எடுக்கும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பில், ஸ்டாக், லெட்ஜர் என்று தட்டும்போது டிஸ்க் செய்வது இந்தச் சில்லறை வேலையைத்தான். சிபியு சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறதா? வேறு யோசனையே வேண்டாம். மின்சாரம் பட்டென்று போனாலும் டேட்டாவைக் காக்கும் சர்வர் ரக எஸ்எஸ்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று: ரிப்போர்ட் வேகமாக வருகிறது, என்ட்ரி சேவ் ஆகத்தான் நேரமாகிறது என்றால் ரெய்டு கார்டின் (பல டிஸ்குகளைச் சேர்த்து நடத்தும் கார்டு) பேட்டரியைப் பாருங்கள். அது செத்தால் பல கார்டுகள் பாதுகாப்புக்காக ரைட் கேஷை (டிஸ்கில் எழுத வேண்டியதைத் தற்காலிகமாகத் தாங்கும் மெமரி) நிறுத்திவிடும். ஒரு பேட்டரியோடு முடிய வேண்டிய வேலைக்குப் பெட்டியையே மாற்றியவர்கள் உண்டு.

வழியில் கோளாறு என்றால் ஸ்விட்சா (கம்ப்யூட்டர்களின் கேபிள்கள் வந்து சேரும் கருவி), கேபிளா? 1 ஜிபி ஃபைல் ஒன்றைச் சர்வரிலிருந்து காப்பி செய்து பாருங்கள். கிகாபிட்டில் (1,000 எம்பிபிஎஸ்) பத்து செகண்டை ஒட்டி முடியும். 100 எம்பிபிஎஸ்ஸில் ஒன்றரை நிமிடம் ஆகும். ஸ்விட்ச் கிகாபிட்டாக இருந்தும் ஒன்றரை நிமிடம் ஆனால் கிரிம்பிங்கைச் (கேபிள் முனையில் பிளக் மாட்டிய விதத்தை) சந்தேகப்படலாம். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். 100-க்கு வேண்டாத மற்ற நான்கில் ஒரு கம்பி விட்டுப்போனால் பெரும்பாலும் லைட் எரியும், நெட்வொர்க் ஓடும், வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும். அப்புறம், தூரம். ஆபீஸிலிருந்து பின்னால் கட்டிய ஷெட்டுக்கு 100 மீட்டருக்கு மேல் காப்பர் கேபிள் இழுத்திருந்தால் ஸ்விட்சை மாற்றிப் பயனில்லை. அங்கே ஃபைபர்தான்.

கேபிளும் சரி, டிஸ்கும் சரி, ஆனாலும் இழுக்கிறதா? ஷேர் ஃபோல்டரில் டேட்டாவை வைத்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் சாஃப்ட்வேரை ஓட்டும் முறை இருக்கிறதே, அதையே மாற்ற வேண்டியிருக்கும். அதில் ரிப்போர்ட்டுக்கு வேண்டிய டேட்டா முழுக்க நெட்வொர்க்கில் வர வேண்டும். அதற்குப் பதில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு மாறினால் சாஃப்ட்வேர் சர்வரிலேயே ஓடும், திரையும் கீபோர்டும் மவுஸும் மட்டுமே போய்வரும். ஆள் கூடக்கூட ரேம் தேவைப்படுவது இங்கேதான். ஆளுக்கோ கம்ப்யூட்டருக்கோ ஒரு லைசென்ஸ் செலவும் உண்டு. விண்டோஸ் சர்வரோடு வரும் இரண்டு கனெக்‌ஷன் நிர்வாக வேலைக்கு மட்டும். பார்கோடு ஸ்டிக்கர் பிரின்டர் அதில் கொஞ்சம் படுத்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புதுப் பெட்டி எப்போது? பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன ஓஎஸ்ஸில் ஓடினால் (விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு வழக்கமான அப்டேட் 2023 அக்டோபரிலேயே நின்றுவிட்டது), ஸ்பேர் கிடைக்காவிட்டால், அல்லது சிபியுவே நாள் முழுக்க உச்சத்தில் நின்றால். அந்தக் கடைசிக் காரணத்தை நம்பும் முன் மூடியைக் கழற்றுங்கள். தையல் ஃப்ளோரை ஒட்டி வைத்த சர்வரில் பஞ்சுத் தூசி சிபியுவின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கைக் கம்பளி மாதிரி மூடியிருக்கும். சூடு ஏறினால் சிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ப்ளோயர் அடித்த பிறகும் இழுத்தால் கொட்டேஷன் கேளுங்கள். பழைய பெட்டியை எடைக்குப் போட வேண்டாம். டிஸ்கை மாற்றி, வேறு கட்டடத்தில் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.