ஆத்தங்குடிக் கல்: யார் வாங்கலாம், யாருக்கு வேண்டாம்

ஒரே நிறம், ஒரே கனம், மயிரிழை பிசகாத விளிம்பு வேண்டும் என்று மனத்தில் தீர்மானித்துவிட்டவர்கள், கையால் செய்யும் சிமெண்ட் தரைக்கல்லான ஆத்தங்குடிக் கல்லை வாங்காமல் இருப்பது அவர்களுக்கும் நல்லது, அந்தக் கல்லைச் செய்பவர்களுக்கும் நல்லது. எங்கள் வீட்டின் கூடத்திலும் முன்னறையிலும் இதைப் பதித்துப் புழங்கிவருகிறோம். எனக்கு மிகவும் பிடித்த தரை இது. ஆனாலும் கேட்பவர்கள் எல்லோருக்கும் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் இக்கல்லைச் செய்யும் முறையை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால், பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களுக்குள் வண்ணம் சேர்த்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கியபின் அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த கலவையைத் தூவி, பின்னர் ஈரக் கலவையால் நிரப்பி மட்டப்படுத்துகிறார்கள். இறுகிய கல் சில நாட்கள் நீரில் ஊறும். சூளையோ மெருகேற்றும் இயந்திரமோ கிடையாது. கல்லின் பளபளப்பு முழுவதும் அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. அச்சைத் தூக்கும் நொடியில் கை சற்று அசைந்தால் சிவப்பு இதழின் ஓரம் மஞ்சளுக்குள் நூலளவு கசிந்துவிடும். ஆகையால் ஒரே ஆள் ஒரே நாளில் செய்த இரண்டு கற்கள்கூட அச்சு அசலாக இருப்பதில்லை.

சுமார் 1200 டிகிரி வெப்பத்தில் சுட்டு, விளிம்புகளை இயந்திரத்தால் அறுத்துத் தரும் விட்ரிஃபைடு டைல்ஸ் நம் கண்ணை வேறுவிதமாகப் பழக்கிவிட்டது. அந்தப் பழக்கத்தோடு இந்தக் கல்லை அணுகுபவர்கள் முதலில் செய்வது நிறம் பார்த்துத் தரம் பிரிப்பது. அடர்ந்த சிவப்பை ஒரு பக்கமும் வெளிறிய சிவப்பை மறுபக்கமும் அடுக்கி, நல்லதை நடுக்கூடத்திலும் மற்றதைச் சுவரோரத்திலும் பதிக்கச் சொல்வார்கள். விளைவு, தரையில் தெளிவான திட்டுகள் விழும். வாசலில் நிற்பவருக்குக்கூட இங்கே ஒரு நிறம், அங்கே ஒரு நிறம் என்று தெரியும். மாறாக, எல்லா அடுக்குகளிலிருந்தும் கலந்து கலந்து எடுத்துப் பதித்தால், கல்லுக்குக் கல் உள்ள வேறுபாடு தரை முழுவதும் பரவி, கண்ணுக்கு ஒரே சீரான தரையாகத் தோன்றும். குறையை ஒதுக்கப் பார்த்தால் குறை பெருகுவதை இவ்வளவு கண்கூடாகக் காட்டும் பொருள் வேறொன்றை நான் வாங்கியதில்லை.

அதற்காக, கைவேலை என்ற பெயரில் வருவதையெல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நிற வேறுபாடு, ஓரக் கசிவு, மேற்பரப்பில் ஆங்காங்கே தெரியும் ஊசி முனை அளவுக் குழி ஆகியவை இயல்பு. மூலை உடைந்த கல், குறுக்கே விரிசல் விட்ட கல், தட்டினால் பொத்தென்று ஒலிக்கும் கல், சரியாக ஊறாமல் விளிம்பு பொடிந்து உதிரும் கல் ஆகியவை வேலைக் குறை. அவற்றைத் தயங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையிலான கோட்டை அறிந்தவர்தான் இக்கல்லை நிம்மதியாக வாங்க முடியும்.

பதிக்கும் கொத்தனாரும் முக்கியம். பத்து அங்குலச் சதுரக் கல் முக்கால் அங்குலக் கனத்தில் இரண்டரை கிலோவைத் தாண்டும். கனமும் கல்லுக்குக் கல் சிறிது மாறும். எனவே பசையில் ஒட்டுவதைவிடக் கலவை போட்டு, ஒவ்வொரு கல்லையும் ரசமட்டம் பார்த்துத் தட்டி அமர்த்துவதே பொருந்தும். இதில் பழகாதவர் மேடு பள்ளத்தைச் சரிசெய்ய மெஷின் பாலிஷ் போடலாம் என்பார். ஒப்புக்கொண்டால் கண்ணாடி தந்த மேல்மெருகு போய்விடும்.

பதித்த புதிதில் சில கற்களில் வெள்ளையாக உப்புப் பூக்கும். துடைக்கத் துடைக்க அது குறைந்துவிடும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் கலந்த நீரில் துடைப்பது பழைய வழக்கம். புழக்கம் கூடக் கூட மினுமினுப்பு ஏறுவது உண்மைதான். ஆசிட் கலந்த துப்புரவுத் திரவம் மட்டும் கூடவே கூடாது. எலுமிச்சைச் சாறும் புளித்தண்ணீரும் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். இல்லையேல் மங்கிய தழும்பு நிற்கும். சிமெண்டுக்கும் புளிப்புக்கும் ஆகாது. சமையலறைக்கும் குளியலறைக்கும் இக்கல் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

விலையைப் பொறுத்தவரை, கல்லின் விலை அச்சுறுத்துவதாக இல்லை. வண்டி வாடகையும் பதிக்கும் கூலியும்தான் கணக்கை ஏற்றிவிடுகின்றன. தேவையான பரப்பைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. பின்னாளில் ஒரு கல் உடைந்தால், அதே வண்ணக் கலவையை எந்தப் பட்டறையாலும் அப்படியே மீண்டும் தர முடியாது. மீந்த கற்களிலிருந்து எடுத்துப் பதித்தாலும் அது சில காலத்துக்குப் புதிதாகத்தான் தெரியும்.