காட்டலானியோட 'லா வாலி' ஓபரா (பாட்டாவே நடக்குற இசை நாடகம்), 1968 ரெக்கார்டிங், கண்டிப்பா கேளுங்க

இதுக்கு இசையமைச்ச ஆல்ஃப்ரெடோ காட்டலானின்னா நிறைய பேருக்கு தெரியாது, பிரபல ஓபரா இசையமைப்பாளர் புச்சினி பொறந்த அதே இத்தாலி லூக்கா ஊர்லதான் இவரும் 1854ல பொறந்தாரு, காசநோயால 39 வயசுலயே போயிட்டாரு. 'லா வாலி' மிலன் லா ஸ்காலா ஓபரா அரங்கத்துல 1892ல மேடையேறிச்சு, மறுவருஷமே ஆளு இல்ல, நினைச்சாலே மனசு கனக்குது. ஆர்கெஸ்ட்ராவ நடத்துற பிரபல கண்டக்டர் டொஸ்கானினிக்கு இது எவ்ளோ பிடிச்சிருந்தா பொண்ணுக்கு வாலின்னே பேர் வெச்சிருப்பாரு!

ஃபௌஸ்டோ கிளேவா கண்டக்ட் பண்ண இந்த ரெக்கார்டிங்ல கதாநாயகி வாலியா பாடுறது ரெனாட்டா டெபால்டி. முதல் ஆக்ட்ல அப்பா சொன்ன மாப்பிள்ளைய கட்டிக்க மாட்டேன்னு வீட்ட விட்டு கெளம்புறப்போ வர்ற 'எப்பென்? நே ஆன்ட்ரோ லொன்டானா' பாட்டு, ஆரம்பத்துல குரல் அப்படியே அடங்கி பேசுற மாதிரி வரும், அப்புறம் மெல்ல மேல ஏறி விரியும் பாருங்க, கண்ணு கலங்கிடுச்சு. உச்சத்துல குரல் கொஞ்சம் இறுகுது, உண்மைதான், ஆனா அந்த உணர்ச்சிக்கு முன்னாடி அதெல்லாம் பெருசா தெரியல. ஆண் குரல்ல பாடுற டெனர் மாரியோ டெல் மொனாக்கோ சில எடத்துல ரொம்ப சத்தம். கடைசில பனிச்சரிவு வர்ற இசைய ஹெட்ஃபோன்லயே கேளுங்க.

நான் கேட்ட ஆப்ல டிராக்குக்கு நடுவுல இசை வெட்டி வெட்டி வந்துச்சு, அதனால சிடில கேக்குறது நல்லது.