மீல்மேக்கரா, ராஜ்மாவா, பலாக்காயா? வீட்டு பர்கருக்கு எது சரிவரும்

இறைச்சி இல்லாத பர்கரை வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் சுவையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். சுவை கையில் இருக்கும் மசாலாவில் வந்துவிடும். கஷ்டம், உள்ளே வைக்கும் கட்லெட் உதிராமல் நிற்பதில்தான். நான் முதலில் செய்த ராஜ்மா கட்லெட் தோசைக்கல்லில் திருப்பியதுமே நாலாக உடைந்தது. காரணம் ஈரம். மூன்று பொருள்களையும் இந்த அளவுகோலை வைத்தே பார்க்கிறேன்.

மீல்மேக்கர்: எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது. காய்ந்த 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் புரதம். காய்ந்த ராஜ்மாவில் இதில் பாதிகூட இருக்காது. மெல்லும்போது நார் நாராக வருவதில் இறைச்சிக்கு மிக நெருக்கம் இதுதான். ஆனால் பச்சை வாடை உண்டு. உப்புப் போட்ட வெந்நீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசினால் பெரிதும் குறையும். அடுத்ததுதான் முக்கியம்: பிழிவது. கையால் பிழிந்தால் போதாது. பருத்தித் துணியில் மூட்டை கட்டி முறுக்குங்கள். இனி ஒன்றும் வராது என்று தோன்றிய பிறகும் இன்னொரு முறுக்கில் கலங்கிய நீர் சொட்டும். அதுவும் போன பிறகு மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்று; மாவாகிவிடக் கூடாது. இதற்கு ஒட்டும் குணம் சுத்தமாகக் கிடையாது.

ராஜ்மா நேர் எதிர். மசித்தால் அதன் மாவுச்சத்தே பிடித்துக்கொள்ளும், சுவையும் நிறைவாக இருக்கும், ஆனால் வாயில் களிபோல் ஆகும். வெந்ததை வடிகட்டி, எண்ணெய் விடாத கல்லில் தோல் வெடிக்கும்வரை புரட்டி எடுங்கள். பாதியை மசித்து, மீதியை லேசாக நசுக்கினால் போதும். ஒன்று மட்டும் கவனம்: பச்சை ராஜ்மாவில் வயிற்றைப் புரட்டும் லெக்டின் என்ற புரதம் இருக்கிறது. இரவெல்லாம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, குக்கரில் நன்றாக வேகவைக்க வேண்டும். அரைவேக்காடு ஆபத்து.

பலாக்காய் பார்க்க அழகாகப் பிரிந்து வரும், மிளகு மசாலாவையும் நன்றாக இழுக்கும். ஆனால் புரதம் மிகக் குறைவு, தண்ணீர் அதிகம். கட்லெட்டாக நிற்கவைக்கக் கடலை மாவை அள்ளிக் கொட்ட வேண்டியிருக்கும். அப்புறம் அது பஜ்ஜி வாசம் அடிக்கும். வதக்கி அப்படியே பன்னுக்குள் வைப்பதற்கு அருமை. கட்லெட்டுக்கு வேண்டாம்.

கடைகளில் விற்கும் இறைச்சியில்லாத பர்கர் கட்லெட்டுகள் பலவற்றில் மெத்தில் செல்லுலோஸ் சேர்க்கிறார்கள். சூடானால் இறுகி, ஆறினால் இளகும் பொருள் அது. அடுப்பில் இருக்கும்போதே அவை உடையாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். நம்மிடம் இருப்பது ஆளிவிதையும் அவலும். ஒரு ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை மூன்று ஸ்பூன் நீரில் பத்து நிமிடம் விட்டால் முட்டை வெள்ளைபோல் கொழகொழப்பாகும். பிடிப்பு நல்லது, ஈரம் கூடும். அவல் பொடி ஈரத்தையும் இழுத்துக்கொண்டு பிடிக்கவும் செய்யும், வாடையும் இல்லை. என் ஓட்டு அவலுக்கே. உருளைக்கிழங்கும் உதிராமல் பிடித்துக்கொள்ளும், ஆனால் சாப்பிடுகிறவருக்கு ஆலு டிக்கி நினைவுதான் வரும்.

இப்போது நான் செய்வது மீல்மேக்கரும் ராஜ்மாவும் சரிபாதி. ஒன்றின் நார், மற்றதன் பிடிப்பு. கூடவே 200 கிராம் பட்டன் காளானைப் பொடியாக நறுக்கி, நீர் முழுவதும் வற்றிச் சிவக்கும்வரை வதக்கிச் சேர்ப்பேன். ஒரு பிடிதான் மிஞ்சும், ஆனால் இறைச்சியில் தேடும் அந்த ஆழமான ருசி அதில் இருக்கிறது. நிறத்துக்குத் துருவிய பீட்ரூட் ஒரு ஸ்பூன், பிழிந்துவிட்டு.

தட்டியதை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இறைச்சி சுருங்கும் அளவுக்கு இது சுருங்காது என்பதால் பன்னின் அகலத்துக்கே தட்டலாம். மிதமான தீயில் நான்கு நிமிடம் தொடவே வேண்டாம். அடிப்பக்கம் சிவந்து மொறுமொறுப்பானதும் கல்லிலிருந்து தானாகவே விடும், அப்போது திருப்புங்கள்.