எத்தனை சொடுக்கு, எத்தனை பிள்ளைகள்: யுவர்ல்ஸ் இணைப்புச் சுருக்கியின் கணக்குப் பக்கம் பற்றிய மதிப்பீடு

இலங்கையின் மலையகத்தில் ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளுக்குக் கடந்தகால வினாத்தாள்களையும் இணையவழி வகுப்புக்கான இணைப்புகளையும் இலவசமாக அனுப்பிவரும் சிறிய ஆசிரியர் வட்டம் ஒன்றில் நானும் இருக்கிறேன். அனுப்புவது எளிது, அனுப்பியது எந்தப் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று அறிவதுதான் எங்களுக்கு எப்போதும் பெரும்பாடாக இருந்தது. அதற்காகவே, நீண்ட இணைய முகவரியைக் குறுகிய இணைப்பாக்கி, அது எத்தனை முறை திறக்கப்பட்டது என்றும் எண்ணித் தரும் இணைப்புச் சுருக்கிகளை நாடினோம். சில காலம் இலவசச் சேவைகளைப் பயன்படுத்திய பின்னர், இப்போது யுவர்ல்ஸ் (YOURLS) என்னும் திறந்தமூல மென்பொருளை எங்கள் சொந்த டொமைனில், அதாவது எங்களுக்கெனப் பதிந்த இணையப் பெயரில், நிறுவி நடத்திவருகிறோம். இணைப்பைச் சுருக்கும் வேலையை எல்லாச் சுருக்கிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரியே செய்கின்றன என்பதால், அது தரும் சொடுக்குக் கணக்கை எவ்வளவு நம்பலாம், எப்படி வாசிக்கவேண்டும் என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

சுருக்கவேண்டிய தேவை தமிழில் எழுதுபவர்களுக்குக் கூடுதலாகவே உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறிகள் இடமிருக்க, தமிழில் அனுப்பினால் 70 குறிகள்தான் கிடைக்கும். அதைத் தாண்டி நீளும் செய்தி பகுதிக்கு 67 குறிகள் என்று துண்டுபட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம் விழும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், நம் கண்ணுக்கு நான்கெழுத்தாகத் தெரியும் ‘தோட்டம்’ என்ற சொல் அங்கே ஏழாகிவிடுகிறது. இணைய முகவரியில் தமிழ் வந்தாலோ நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று எழுத்தாக விரிவதால், ‘ஹட்டன்’ என்ற ஒரு சொல்லே முகவரியில் 54 எழுத்துகளை விழுங்கிவிடும். அப்படியொரு முகவரியைக் குறுஞ்செய்தியில் வைத்தால், வகுப்பு எத்தனை மணிக்கு என்று சொல்லக்கூட இடம் இருக்காது.

யுவர்ல்ஸ் 2009 முதல் வெளிவரும் மென்பொருள். பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது; மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் வேண்டும். மென்பொருளுக்கு விலையில்லை, டொமைனுக்கும் சேர்வர் இடத்துக்கும் மட்டுமே செலவு. ஓரளவு பழக்கமுள்ளவர் ஒரு மாலைப்பொழுதில் நிறுவிவிடலாம்.

சுருக்கிய இணைப்பின் கடைசியில் ஒரு கூட்டல் குறியைச் சேர்த்துத் திறந்தால் அதன் கணக்குப் பக்கம் வருகிறது. கடந்த 24 மணித்தியாலம், 7 நாள், 30 நாள், தொடக்கம் முதல் இன்றுவரை என்று நான்கு அளவுகளில் வரைபடம் பார்க்கலாம். அதிகச் சொடுக்கு விழுந்த நாள் எது, எந்த நாட்டிலிருந்து வந்தன, எந்தத் தளத்தின் வழியாக வந்தன என்பனவும் அதில் உண்டு. பக்கம் எளிமையாக இருக்கிறது. கணினியில் அதிகம் பழகாத ஆசிரியர்களும் ஒருமுறை காட்டினால் புரிந்துகொள்கிறார்கள். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் கடவுச்சொல் இல்லாமலே இப்பக்கத்தைத் திறக்கலாம் என்பதால், மஸ்கெலியாவில் இருக்கும் ஆசிரியர் என்னைக் கேட்காமலே தன் இணைப்பின் நிலவரத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

இந்தக் கணக்குகளை வாசிக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது நேரம். இதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். முன்னர் பயன்படுத்திய இலவசச் சேவை ஒன்றின் வரைபடத்தில், வினாத்தாள் இணைப்புகள் பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணியளவில் திறக்கப்படுவதாகத் தெரிந்தது. பாடசாலை விட்டு வந்தவுடன் பிள்ளைகள் படிக்க உட்காருகிறார்கள் என்று மகிழ்ந்து, கணித வகுப்பை மாலையிலிருந்து பிற்பகல் இரண்டரைக்கு மாற்றினோம். இரண்டு வாரமும் திரையில் நான்கைந்து முகங்களுக்கு மேல் வரவில்லை. காரணம் கேட்டுத் தோட்டத்துக்குப் போனபோது, கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் வாசலில் நின்ற ஒரு தாய் சொன்னார்: “ஃபோன நாந்தானே டீச்சர் மலைக்குக் கொண்டு போறேன். வேல முடிஞ்சு வந்து வெளக்கு வச்ச பொறகுதான் புள்ள கையில கெடைக்கும்.” வீட்டுக்கு வந்து வரைபடத்தை மறுபடி பார்த்தபோதுதான், ஓரத்தில் சிறிய எழுத்தில் அது உலகப் பொது நேரம் என்று எழுதியிருந்ததைக் கண்டேன். இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. வரைபடத்தின் இரண்டு மணி எங்கள் ஊரின் இரவு ஏழரை மணி. அந்தத் தாய் சொன்னதையே வரைபடமும் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. வாசிக்கத் தெரியாமல் பிள்ளைகளின் இரண்டு வார வகுப்பை வீணாக்கியவர்கள் நாங்கள். யுவர்ல்ஸிலும் நேர வித்தியாசத்தை அமைப்புக் கோப்பில் நாமே எழுதாவிட்டால் இதே தவறு நேரும். ஆகவே, நிறுவியவுடன் ஒரு இணைப்பை நீங்களே சொடுக்கி, சுவர்க் கடிகாரத்தின் நேரமும் வரைபடத்தின் நேரமும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. யுவர்ல்ஸ் தன் வாசலுக்கு வரும் ஒவ்வொரு வருகையையும் ஒரு சொடுக்காக எண்ணுகிறது. வந்தது பிள்ளையா இயந்திரமா, அதே பிள்ளை மறுபடியும் வந்ததா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. இது ஒரு குறைதான். ஆனால் தரவுத்தளத்தைத் திறந்தால், ஒவ்வொரு சொடுக்குக்கும் நேரம், வந்த வழி, வந்தது எந்த உலாவி அல்லது செயலி என்று சொல்லும் அடையாள வரி, இணைய இணைப்பைக் குறிக்கும் எண்ணான ஐபி முகவரி, நாட்டின் குறியீடு ஆகியவை வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. நாங்கள் பயன்படுத்திய இலவசச் சேவைகளில் இந்த மூலப் பதிவைப் பார்க்க வழியே இருக்கவில்லை. தொகுத்த கணக்கை மட்டுமே காட்டினார்கள். யுவர்ல்ஸை நான் விரும்புவதற்கு முதற்காரணம் இந்தப் பதிவுதான்.

அதை ஒரு மாலை பொறுமையாக வாசித்தபோது பல விடயங்கள் விளங்கின. இணைப்பை அனுப்பிய அதே நிமிடத்தில், யாரும் தொடுவதற்கு முன்பே, வட்ஸ்அப் என்ற பெயரை அடையாள வரியில் தாங்கிய ஒரு பதிவு விழுந்திருந்தது. இணைப்பைத் தட்டெழுதும்போதே, முன்னோட்டப் படத்தை எடுப்பதற்காக அனுப்புபவரின் கைபேசி அந்தப் பக்கத்துக்கு ஒருமுறை போய்வருகிறது. அதுவும் ஒரு சொடுக்காகிவிடுகிறது. பேஸ்புக்கில் பகிர்ந்தால் அந்நிறுவனத்தின் சேர்வரே வந்து பார்த்துவிட்டுப் போகும். சில அலுவலக மின்னஞ்சல் அமைப்புகள் பாதுகாப்புக்காக ஒவ்வொரு இணைப்பையும் தாமே திறந்து சோதிப்பதும் உண்டு.

இவற்றைவிட என் மனதைத் தொட்டது இன்னொரு வரிசை. இரவு எட்டேகாலுக்கு, ஒரே ஐபி முகவரியிலிருந்து, ஒரே வகைக் கைபேசியிலிருந்து, ஒரு நிமிடத்துக்குள் ஐந்து பதிவுகள் இருந்தன. பள்ளத்தில் உள்ள லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், சிக்னல் நின்று நின்று வரும். பக்கம் திறக்காதபோது பிள்ளை மறுபடியும் மறுபடியும் அமுக்குகிறது. கணக்குப் பக்கத்தில் அது ஐந்து வாசகர்களின் ஆர்வமாகத் தெரியும். உண்மையில் அது ஒரு பிள்ளையின் தவிப்பு. அதன் பிறகே பெரிய கோப்புகளை அனுப்புவதை நிறுத்தி, வினாத்தாளைப் பக்கம் பக்கமாகச் சிறிய கோப்புகளாக அனுப்பத் தொடங்கினோம். ஒரே நிமிடத்தில் திரும்பத் திரும்ப விழும் பதிவுகள் அதன்பின் கண்கூடாகக் குறைந்தன. இந்த ஒரு மாற்றத்துக்காகவே இம்மென்பொருளுக்குச் செலவிட்ட நேரம் தகும் என்பேன்.

கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் எடைக்கும் ஈரத்துக்கும் என்று சில கிலோவைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு எழுதுவார்கள் என்பதை எங்கள் பகுதியில் அறியாதவர் இல்லை. எவ்வளவு கழிப்பது நியாயம் என்பது நீண்டகால வழக்கு. அதை இங்கே எடுக்கவில்லை. சொடுக்கு எண்ணிக்கையிலும் கழிக்கவேண்டிய பங்கு உண்டு, கழிப்பதற்கு முன் எது ஈரம், எது கொழுந்து என்று சாக்கைத் திறந்து பார்க்கவேண்டும் என்பதே என் கருத்து. இயந்திரங்களின் அடையாள வரிகளையும், ஒரு நிமிடத்துக்குள் ஒரே கைபேசியிலிருந்து திரும்ப விழுந்தவற்றையும் கழித்தால் கிடைக்கும் எண்ணையே நாங்கள் ஏடுகளில் எழுதுகிறோம். அதிலும் ஒரு எச்சரிக்கை தேவை. கைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபி முகவரியின் கீழ் வைத்திருப்பதால், முகவரி ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து ஆள் ஒருவரே என்று முடிவு கட்டக்கூடாது. மறுபுறம், ஒரே கைபேசியில் அக்காவும் தம்பியும் சேர்ந்து படிக்கும் வீடுகளில் ஒரு சொடுக்கு இரண்டு பிள்ளைகளைக் குறிக்கும். ஆகவே, எங்கள் கூகுள் படிவத்தில் விடையெழுதி அனுப்பிய பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் சொடுக்கு எண்ணிக்கையைத் தனியாக எங்கும் சொல்வதில்லை.

இடத்தைப் பற்றிய கணக்கு நகர மட்டத்தில் எங்களுக்குப் பயன்படவில்லை. முன்னர் பயன்படுத்திய சேவை நகரப் பெயர்களையும் காட்டியது. அதன்படி எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கொழும்பில் இருந்தார்கள். ஐபி முகவரியின் இடத்தைத் தரவுப் பட்டியலில் தேடினால், கைபேசி நிறுவனத்தின் வலையமைப்பு எங்கே பதிவாகியிருக்கிறதோ அந்த ஊர்தான் வரும். நோர்வூட்டில் இருந்து சொடுக்கினாலும் பொகவந்தலாவையில் இருந்து சொடுக்கினாலும் கொழும்பு என்று காட்டுவதற்குக் காரணம் இதுவே. யுவர்ல்ஸ் நாட்டின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறது. அறியமுடியாததை அறிந்ததுபோல் காட்டாத இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

வந்த வழியைப் பற்றிய கணக்கிலும் இதுபோன்ற ஒரு சிக்கல் உண்டு. உலாவி, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற குறிப்பைக் கையோடு கொண்டுவந்தால்தான் சுருக்கிக்கு அது தெரியும். வட்ஸ்அப்பிலிருந்தும் குறுஞ்செய்தியிலிருந்தும் வருபவர்களிடம் அந்தக் குறிப்பு இருப்பதில்லை. ஆகவே அவர்கள் எல்லோரும் நேரடி வருகை என்ற ஒரே கூடைக்குள் விழுகிறார்கள். எங்கள் வினாத்தாள்களைத் திறப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே அந்த இரண்டு வழிகளில் வருபவர்கள் என்பதால், அந்த வட்டப்படத்தைப் பார்த்து எதையும் அறியமுடியவில்லை. தீர்வு, ஒவ்வொரு வழிக்கும் தனித்தனிக் குறு இணைப்பைச் செய்வது: வட்ஸ்அப்புக்கு ஒன்று, குறுஞ்செய்திக்கு ஒன்று, கோயில் வாசலிலும் கடைகளிலும் ஒட்டும் அறிவித்தலில் உள்ள கியூஆர் குறிக்கு ஒன்று. இங்கே யுவர்ல்ஸ் முதலில் தடுக்கும். ஒரே நெடிய முகவரியை இரண்டாம் முறை கொடுத்தால், புதியது செய்யாமல் பழைய குறு இணைப்பையே திருப்பித் தருவது அதன் இயல்பான அமைப்பு. அமைப்புக் கோப்பில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கலாம். அல்லது நெடிய முகவரியின் இறுதியில் யூடிஎம் குறிப்பை, அதாவது இணைப்பு எந்த வழியில் பகிரப்பட்டது என்று சொல்லும் சிறு தொடரை, சேர்த்து முகவரியையே வேறாக்கலாம். யூடிஎம் என்பதன் முதலெழுத்து, 2005இல் கூகுள் வாங்கிய அர்ச்சின் என்ற நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது; நிறுவனம் மறைந்தும் அதன் எழுத்து உலகெங்கும் இணைப்புகளின் வாலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இப்படிப் பிரித்த பிறகுதான், நாங்கள் மிகவும் நம்பியிருந்த கியூஆர் அறிவித்தலை அநேகமாக யாருமே பயன்படுத்தவில்லை என்பதும், காசு செலவாகும் குறுஞ்செய்தி டேட்டா ரீலோட் இல்லாத நாள்களிலும் போய்ச் சேர்ந்து, பின்னர் டேட்டா போட்டவுடன் திறக்கப்படுகிறது என்பதும் தெரிந்தன.

கணக்குக் குறைவாக விழும் இடமும் ஒன்று உண்டு. குறு இணைப்பைத் திறந்தவரை உரிய பக்கத்துக்கு அனுப்ப, யுவர்ல்ஸ் 301 என்னும் நிரந்தரத் திசைமாற்றத்தைப் பயன்படுத்துகிறது. அப்படிப்பட்ட திசைமாற்றத்தை உலாவி நினைவில் வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டால் அடுத்தமுறை சுருக்கியிடம் வராமலே நேரே உரிய பக்கத்துக்குப் போய்விடும். எங்கள் தேவைக்கு இது பெரிய பாதிப்பில்லை.

சேர்வரைப் பராமரிக்கவும் பாதுகாப்புக்கான புதிய பதிப்புகளை உரிய காலத்தில் ஏற்றவும் ஆளில்லாதவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். 2002 முதல் இயங்கும் டைனியூஆர்எல், 2008இல் தொடங்கிய பிட்லி போன்ற சேவைகள் அவர்களுக்குப் பொருந்தும். ஆனால் அச்சிட்ட கையேட்டில் இணைப்பை இடுபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும்: 2009இல் கூகுளே தொடங்கிய சுருக்கச் சேவை 2019 மார்ச் மாதத்துடன் புதிய இணைப்புகளை ஏற்பதை முற்றாக நிறுத்தியது. சொந்த டொமைன் இருந்தால், மென்பொருளை மாற்றினாலும் பழைய கையேட்டின் இணைப்பு பிழைத்திருக்கும்.

மூலப் பதிவு நம் கையில் இருப்பதால் பொறுப்பும் நம்முடையதே. ஐபி முகவரியும் நேரமும் சேர்ந்தால், எந்த வீட்டில் எப்போது கைபேசி திறக்கப்படுகிறது என்ற தடம் உருவாகிறது. அதுவும் பிள்ளைகளின் தடம். இலங்கையில் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது; அது இல்லாவிட்டாலும் இந்தப் பதிவை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க எங்களுக்கு மனம் ஒப்பாது. தவணை முடிந்ததும், எந்த வழியில் எத்தனை, எந்த மணியில் எத்தனை என்பதை மட்டும் ஏட்டில் எழுதிக்கொண்டு, பதிவு அட்டவணையை முழுவதுமாக அழித்துவிடுகிறோம். வரைபடங்கள் வெறுமையாகிவிடும். ஒவ்வொரு இணைப்பின் மொத்த எண்ணிக்கையை யுவர்ல்ஸ் வேறொரு அட்டவணையில் வைத்திருப்பதால் அது மட்டும் அப்படியே இருக்கும். அடுத்த தவணைக்கு எங்களுக்கு அது போதும்.