தனுஷ்கோடியின் பழைய ரயில் தடம்: நடையா, சைக்கிளா?

ராமேஸ்வரம் வழியாகத்தான் தனுஷ்கோடிக்கு ரயில் போனது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, தண்டவாளம் பாம்பன் ஸ்டேஷனில் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ராமேஸ்வரத்துக்கு, மற்றது நேரே தனுஷ்கோடிக்கு, சுமார் 24 கிலோமீட்டர். அங்கே இறங்கிக் கப்பலேறினால் இலங்கையின் தலைமன்னார். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் பாசஞ்சர் வண்டியையே கடலுக்குள் இழுத்துக்கொண்டது. அந்த வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்தப் பாதையை அதன்பின் யாரும் மீண்டும் போடவில்லை.

அந்தத் தடத்தின் பக்கமாக நடந்தும் போயிருக்கிறேன், சைக்கிளிலும் போயிருக்கிறேன்.

சைக்கிளுக்கு 2017-ல் திறந்த தார்ச்சாலை இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை மேடே கிடையாது. இடப்பக்கம் அடங்கிக் கிடக்கும் பெண் கடல், வலப்பக்கம் இரையும் ஆண் கடல். இரண்டையும் ஒரே மிதியில் பார்த்துக்கொண்டு போகிற சுகம் நடையில் இல்லை. ஆனால் காற்றைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று வீசும்போது போகையில் முதுகைத் தள்ளிவிடும், திரும்புகையில் நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். ஒதுங்க மர நிழலும் இல்லை. போன வேகத்தை நம்பி முனைவரை போய்விட்டு, திரும்பும்போது பாதி வழி உருட்டிக்கொண்டு வந்தேன். சாலையில் ஏறிக் கிடக்கும் மணலில் டயர் வழுக்கும். வீட்டுக்கு வந்ததும் செயினை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விடுங்கள், உப்பு விடாது.

நடை வேறு மாதிரி. அதே சாலையில் வரும் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து, புயலில் அழிந்த பழைய தனுஷ்கோடி ஊருக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். சைக்கிளில் கண்ணில் படாததெல்லாம் இங்கேதான் தெரிகிறது. தேவாலயச் சுவரில் கைவைத்தால் அது செங்கல் இல்லை, பவளக்கல் என்று விரல் சொல்லும். பூப்பூவாய் வரி ஓடியிருக்கும். ஸ்டேஷன் இடிபாடும் தண்ணீர்த் தொட்டியும் மணலுக்குள் நிற்கின்றன. தொட்டியைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. நீராவி இன்ஜின் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்ற இடம் அது. அந்தச் சுவர்களிலிருந்து ஒரு துண்டும் பெயர்க்காதீர்கள், ஏற்கெனவே உதிர்கிறது. இங்கே குடியிருக்கும் மீனவர்கள் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். ஆகவே ஆளுக்கு 2 லிட்டர் கையோடு கொண்டுபோங்கள். செருப்பு போதாது, சீமைக்கருவேல முள் குத்தும்.

சிறு பிள்ளைகளோ வயதானவர்களோ கூட வந்தால் இரண்டுமே வேண்டாம், பஸ் போதும்.

கடலைப் பார்க்க என்றால் சைக்கிள். ரயிலைத் தேடித்தான் வருகிறீர்கள் என்றால் நடைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே நாளில் இரண்டும் வேண்டுமா? சரி, விடியுமுன் ராமேஸ்வரத்தில் மிதியுங்கள், பழைய ஊரில் ஏதாவது கடையில் சொல்லிவிட்டு சைக்கிளைப் பூட்டுங்கள். அப்புறம் தொட்டியிலிருந்து தேவாலயம் வரை மெதுவாக நடங்கள். மணல் சுடுவதற்குள் திரும்பிவிடலாம்.