பாவ்ஃபெங் யூவி-5ஆர்: செயற்கைக்கோளில் பேசப் போதுமா?

ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் கைக்கு வந்ததும் பலர் வாங்கும் முதல் கைவானொலி செட் யூவி-5ஆர்தான். விலை குறைவு, 2 மீட்டர் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்), 70 சென்டிமீட்டர் (437 பக்கம்) என இரண்டு பேண்டும் இருக்கிறது. இதை வைத்துச் செயற்கைக்கோள் வழியாகப் பேசலாமா என்றால், பேசலாம். ஆனால் எஃப்எம் ரிப்பீட்டர் (கேட்பதை வேறு அதிர்வெண்ணில் திருப்பி அனுப்பும் கருவி) உள்ளவற்றில் மட்டும்தான். அதுவும் பெட்டியோடு வரும் குட்டை ஆன்டெனாவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான்.

தொடங்குபவருக்கு இரண்டு இலக்குகள் போதும். ஒன்று, சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2020 செப்டம்பரிலிருந்து இயங்கும் ரிப்பீட்டர். அனுப்ப 145.990 மெகாஹெர்ட்ஸ், 67 ஹெர்ட்ஸ் டோன் (ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு போகும் தாழ்ந்த ஒலி), கேட்க 437.800. விண்நடை, விண்கலம் வந்து இணைவது போன்ற நேரங்களில் அணைத்து வைப்பார்கள் என்பதால், மொட்டை மாடிக்கு ஏறுமுன் ஆம்சாட் (அமெச்சூர் செயற்கைக்கோள் அமைப்பு) நிலவரப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று 2002 டிசம்பரில் ஏவப்பட்ட சவுதியின் எஸ்ஓ-50. அனுப்ப 145.850, டோன் 67, கேட்க 436.795. இதில் 10 நிமிட டைமர் உண்டு. யாரும் பேசாமல் அமைதியாக இருந்தால், 74.4 ஹெர்ட்ஸ் டோனோடு இரண்டு விநாடி பிடிடியை (பேசும் பொத்தானை) அழுத்தி அதை எழுப்ப வேண்டும். ஏற்கெனவே குரல் கேட்கிறது என்றால் அந்த வேலை வேண்டாம்.

யூவி-5ஆரின் பெரிய பலம், ஒரே மெமரி சேனலில் ஒரு பேண்டில் கேட்டு மறு பேண்டில் அனுப்ப விடுவது. செட்டைக் கம்ப்யூட்டரில் புரோகிராம் செய்யும் சிர்ப் மென்பொருளில் டூப்ளெக்ஸ் கட்டத்தில் ஸ்ப்ளிட், ஆஃப்செட் கட்டத்தில் முழு அனுப்பு அதிர்வெண், டோன் மோடில் வெறும் டோன். இங்கே டிஎஸ்க்யூஎல் என்று வைத்தால், டவுன்லிங்கில் (கோளிலிருந்து வரும் சிக்னலில்) அந்த டோன் வராதவரை ஸ்பீக்கர் வாயே திறக்காது. செட் பழுது என்று நினைத்துக்கொள்வீர்கள். புரோகிராமிங் கேபிளைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை என்றால், பெரும்பாலும் உள்ளே இருப்பது போலி புரோலிஃபிக் சிப். பழைய டிரைவரைப் போட்டால் சரியாகும்.

கோளின் வேகத்தால் அதிர்வெண் விலகும் டாப்ளர் விளைவைச் சமாளிக்க, ஒரு கோளுக்கு ஐந்து சேனல் தேவை. விண்வெளி நிலையத்துக்கு 437.810, 437.805, 437.800, 437.795, 437.790; அனுப்பு அதிர்வெண் ஐந்திலும் 145.990தான். 70 சென்டிமீட்டரில் விலகல் அடிவானத்தில் ஏறக்குறைய 10 கிலோஹெர்ட்ஸ் வரும். 2 மீட்டரில் மூன்று சொச்சம்தான், எஃப்எம் அதைத் தாங்கிக்கொள்ளும். உதிக்கும்போது மேலே உள்ள சேனலில் தொடங்கி, குரல் கரகரக்க ஆரம்பித்ததும் ஒன்று கீழே இறங்குங்கள். தலைக்கு மேல் போகும் பாஸில் (கோள் நம் வானைக் கடக்கும் ஒரு முறை) நடுச் சேனல்கள் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே கடந்துவிடும்.

மெனுவில் மாற்ற வேண்டியவை: 0இல் ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைப்பது) 0 ஆக்குங்கள், கோளின் மெல்லிய சிக்னல் அதைத் திறக்காது. 3இல் பேட்டரி சேவ், 7இல் டூயல் வாட்ச், 39இல் ரோஜர் பீப், மூன்றையும் அணையுங்கள். 23இல் பிசிஎல் இருக்கிறதே, அதுதான் பலரைக் குழப்புவது. அது ஆனாகி இருந்தால், ஸ்குவெல்ச் திறந்து இரைச்சல் வந்துகொண்டிருக்கும்போது சேனலில் யாரோ பேசுகிறார்கள் என்று செட் நினைத்து, பிடிடியை எவ்வளவு அழுத்தினாலும் அனுப்பாது.

காசைப் போட வேண்டிய இடம் ஆன்டெனா. எஸ்ஓ-50 அனுப்புவது கால் வாட் அளவே. குட்டை ஆன்டெனாவில் இரைச்சல்தான் கேட்கும். ஏறத்தாழ 49 சென்டிமீட்டருக்கு இழுக்கும் டெலஸ்கோப் விப், 2 மீட்டரில் கால் அலையாகவும் 70 சென்டிமீட்டரில் முக்கால் அலையாகவும் வேலை செய்யும். உயரமான பாஸுக்கு அது போதும். அதன் நுனியைக் கோளை நோக்கி நீட்டக் கூடாது, குறுக்காகப் பிடிக்க வேண்டும். சரியான கருவி கையில் பிடிக்கும் யாகி எனும் திசை ஆன்டெனாதான். ஆரோ நிறுவனத்தின் 146/437-10இல் 2 மீட்டருக்கு 3, 70 சென்டிமீட்டருக்கு 7 எலிமென்ட். யூவி-5ஆரில் ஒரே ஆன்டெனா வாய் என்பதால் இரண்டு பேண்டையும் ஒரே கேபிளில் சேர்க்கும் டிப்ளெக்ஸரும் சேர்த்து வாங்க வேண்டும். குரல் மங்கினால் முதலில் மணிக்கட்டைத் திருப்பிப் பாருங்கள், போலரைசேஷன் (அலை அதிரும் திசை) மாறியிருக்கும்.

அடாப்டரில் ஒரு எச்சரிக்கை: பல ஜப்பானிய ஹேண்டிகளுக்கு நேர்மாறாக, இந்தச் செட்டில் இருப்பது எஸ்எம்ஏ இணைப்பியின் ஆண் (மேல்) வகை. எனவே கேபிளில் பெண் (ஃபீமேல்) வகை வேண்டும். தடித்த ஆர்ஜி-58ஐ நேரே திருகினால் அதன் எடையே வாயை ஆட்டிவிடும். ஒரு மீட்டருக்குள் ஆர்ஜி-316 போதும்.

குறைக்கு வருவோம். இது ஹாஃப் டூப்ளெக்ஸ், அனுப்பும்போது கேட்காது. உங்கள் குரல் கோளை எட்டியதா, இன்னொருவர் பேச்சின் மேல் ஏறி மிதித்தீர்களா, எதுவும் தெரியாது. எஃப்எம் கோளில் ஒரே சேனல், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் இது சின்னக் குறை அல்ல. இரண்டாவது யூவி-5ஆரில் கேட்கலாமே என்றால், 145.990இன் மூன்றாவது ஹார்மோனிக் (மும்மடங்கு அதிர்வெண்ணில் கசியும் சிக்னல்) 437.970. டவுன்லிங்கிலிருந்து வெறும் 170 கிலோஹெர்ட்ஸ் தள்ளி! மலிவு ரிசீவர் பக்கத்திலேயே 4 வாட் அடித்தால் காது அடைத்துப்போகும். பவரை லோவில் வைத்து, கேட்கும் செட்டுக்கு யாகியின் 70 சென்டிமீட்டர் பகுதியைத் தனியாகக் கொடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம்; அப்போது டிப்ளெக்ஸர் செலவும் மிச்சம்.

எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) முறை இல்லாததால், ஒரே பட்டையைப் பலர் பகிரும் ஆர்எஸ்-44 போன்ற லீனியர் டிரான்ஸ்பாண்டர் கோள்கள் கிடையாது. அங்கே எஃப்எம்மில் அழுத்தினால் மற்றவர்களின் இடத்தையும் பவரையும் விழுங்குவீர்கள், தயவுசெய்து வேண்டாம். நம் ஊர் வானில் எப்போதும் நிற்கும் கியூஓ-100க்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் அனுப்பி 10 கிகாஹெர்ட்ஸில் கேட்க வேண்டும். அது வேறு உலகம்.

பாஸ் நேரத்துக்கு லுக்4சாட் ஆப் போதும், சுற்றுப்பாதைத் தரவை மட்டும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். பேசும்போது கால்சைன் (உங்கள் உரிமக் குறியீடு), கிரிட் (இருப்பிடக் கட்டத்தின் குறியீடு) இரண்டும் சொன்னால் போதும்: சென்னை நகரம் என்கே03, கோவை எம்கே81, மதுரை எம்ஜே99. பத்து நிமிடத்தில் நான்கைந்து நாட்டவர் காத்திருப்பார்கள். ஒரு கையில் ஆன்டெனா, மறு கையில் செட் என்றிருக்கும்போது எழுத முடியாது. மொபைலில் ரெக்கார்டிங்கைப் போட்டுப் பையில் வைத்துவிடுங்கள்.