ஆளுக்கொரு பிள்ளையா, ஆளுக்கொரு நேரமா?

இரண்டாவது குழந்தை பிறந்த வீட்டில் முதல் வாரத்திலேயே ஒரு பாகப்பிரிவினை நடந்துவிடுகிறது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதில்லை. பால் கொடுப்பவள் அம்மா, அதனால் கைக்குழந்தை அவளிடம். கை காலியாக இருப்பவர் அப்பா, அதனால் மூத்தது அவரிடம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. மகளுக்கு அப்போது இரண்டு வயது நான்கு மாதம். தம்பி பிறந்து ஐந்து வாரம் வரை இப்படியே ஓட்டினோம். பிறகு அதைக் கலைத்துவிட்டு நேரத்தைப் பிரித்துக்கொண்டோம்: இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை இரண்டு பிள்ளைகளும் உன் பொறுப்பு, அப்புறம் என் பொறுப்பு.

இரண்டு முறையிலும் வாழ்ந்து பார்த்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன். இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது பொருந்தும். அந்த இரண்டாவது ஆள் கணவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியாகவோ சித்தியாகவோ இருந்தாலும் கணக்கு அதேதான்.

ஆளுக்கொரு பிள்ளை

இந்த முறைக்கு ஆதரவாகப் பேசுவது முதலில் கடிகாரம்தான். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்கூட நான்கு முதல் ஆறு மணி நேரம் பால் கொடுப்பதிலேயே போய்விடும். ஏப்பம் எடுத்துவிடுவது, துணி மாற்றுவது, மறுபடி தூங்க வைப்பது எல்லாம் தனி. குழந்தை மொத்தத்தில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கினாலும், இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று துண்டு துண்டாகத்தான் தூங்கும். அதற்கு இரவு பகல் தெரிய இரண்டு மூன்று மாதமாகும். இரண்டு வயதுப் பிள்ளையோ ராத்திரி ஒரே மூச்சில் தூங்கி, பகலில் ஒரு தூக்கம் போட்டு, குளியல், சாப்பாடு, விளையாட்டு எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. இந்த இரண்டு கடிகாரங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஆளுக்கு ஒரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டால் வீடு அமைதியாக ஓடும்.

சிசேரியன் ஆன அம்மாவுக்கு முதல் சில வாரங்களுக்கு இதைவிட்டால் வழியும் இல்லை. கைக்குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காதே என்று மருத்துவர்கள் சொல்வது வழக்கம். இரண்டு வயதுப் பிள்ளை சுமார் 12 கிலோ இருக்கும். தொட்டிலில் இருந்து தூக்குவது, இடுப்பில் ஏற்றிக்கொள்வது, குளிக்க வைத்து வெளியே எடுப்பது எல்லாம் இன்னொருவர் கையில்தான் இருந்தாக வேண்டும்.

இவ்வளவு நியாயம் இருந்தும் இந்த முறை எங்களுக்கு ஏன் கைகொடுக்கவில்லை என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன்.

தம்பி பிறந்த பதினோராம் நாள். நான் தரையில் சுவரில் சாய்ந்து பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மகள் ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து என் முழங்காலில் வைத்தாள். "போட்டு விடு." அவள் அப்பா பக்கத்திலேயே இருந்தார். "வாடா செல்லம், அப்பா போட்டுவிடறேன்" என்று கையை நீட்டினார். அவள் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அம்மாதான் போடணும்." என் ஒரு கை குழந்தையின் தலைக்கு அடியில், இன்னொரு கை மார்பில். "கொஞ்சம் இரு கண்ணு, தம்பி குடிச்சு முடிக்கட்டும்" என்றேன். அவள் அழவில்லை. செருப்பை என் காலருகே வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, தம்பி குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அவளைக் கவனிக்க ஆள் இல்லாமல் போகவில்லை. அப்பாவோடு முன்பைவிட அதிக நேரம் இருந்தாள். அவள் இழந்தது குறிப்பிட்ட ஓர் ஆளை. பச்சைக் குழந்தைக்குப் பால் தவிர மற்றதெல்லாம், பழகிய எந்தக் கையிலிருந்தும் கிடைத்துவிடும். சூடான நெஞ்சு, தட்டிக் கொடுக்கும் கை, காய்ந்த துணி இருந்தால் போதும், யாருடையது என்று அது கேட்பதில்லை. இரண்டு வயதுப் பிள்ளை கேட்கும். அதற்கு இன்னார்தான் வேண்டும். ஆளுக்கொரு பிள்ளை என்று பிரிக்கும்போது, யார் வந்தாலும் சமாளித்துக்கொள்ளக்கூடிய குழந்தைக்கு அம்மாவை முழுதாகக் கொடுத்துவிட்டு, அம்மாதான் வேண்டும் என்கிற பிள்ளையிடமிருந்து அவளைப் பிடுங்கிவிடுகிறோம்.

இந்த முறையில் இன்னொரு குறையும் உண்டு. அப்பாவுக்குக் கைக்குழந்தை பழகுவதே இல்லை. ஒரு மாதம் கழித்து, அழுகிற குழந்தையை அவரிடம் கொடுத்தால், எந்தத் தோளில் போட்டால் அடங்கும் என்று அவருக்குத் தெரியாது. உடனே என்னிடம் திரும்பி வந்துவிடும்.

ஆளுக்கொரு நேரம்

சரி, நேரத்தைப் பிரித்தால் என்ன கிடைக்கிறது? முதலில் தூக்கம், உண்மையான தூக்கம். "நீ படு, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் கதவைத் தட்டுவதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. முறை வைத்தால், முறை இல்லாதவர் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம். பிள்ளைபெற்ற உடம்புக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை.

இரண்டாவது லாபம் மகளுக்கு. அப்பாவின் தோளில் தம்பி இருப்பதையும் அம்மாவின் மடி காலியாக இருப்பதையும் அவள் பார்த்தாள். தம்பி என்றால் அம்மாவை எடுத்துக்கொள்கிறவன் என்ற எண்ணம் அவளுக்குள் இறுகாமல் இருக்க, நான் சொன்ன எந்த வார்த்தையையும்விட இது அதிகம் உதவியது என்று நினைக்கிறேன்.

பால் கொடுக்கும் வீட்டில் இந்த முறையை அப்படியே கடைப்பிடிக்க முடியாது. ஆரம்ப வாரங்களில் பல மணி நேரம் பால் கொடுக்காமல் விட்டால் மார்பில் பால் கட்டிக்கொள்ளும். அடிக்கடி விட்டால் சுரப்பே குறையும். நாங்கள் செய்தது இதுதான்: அவருடைய முறையில் குழந்தை பசித்தால் என்னிடம் கொண்டுவந்து விடுவார், நான் பால் கொடுத்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஏப்பம், துணி, தாலாட்டு எல்லாம் அவர் பாடு. ஒரு மணி நேர வேலை எனக்கு அரை மணி நேரமாகக் குறைந்தது. பால் எடுத்து வைத்துப் புட்டியில் கொடுப்பவர்களுக்கு இன்னும் சுலபம்.

ஆனால் ஒருவர் கையில் இரண்டு பிள்ளைகள் என்பது எளிதே இல்லை. அவருடைய முறையில் ஒரு மாலை மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் தொட்டிலில் குழந்தை வீறிட்டது. தலையில் சோப்போடு இருக்கும் மகளை விட்டுவிட்டு ஓடுவதா? அவர் ஓடவில்லை. அன்றே நாங்கள் ஒரு விதி போட்டுக்கொண்டோம்: தண்ணீரில் இருக்கும் பிள்ளையை விட்டு ஒரு நொடியும் நகரக் கூடாது. கையளவு ஆழம்கூட இல்லாத தண்ணீரில்கூடச் சின்னப் பிள்ளை மூழ்கிவிடும், சத்தமும் வராது. பசி தீர்ந்து, தொட்டிலில் மல்லாந்து படுத்திருக்கும் குழந்தை இரண்டு நிமிடம் அழுவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. கேட்கத்தான் தாங்காது.

இதே கணக்கில் இன்னொரு விதி: மூத்ததையும் கைக்குழந்தையையும் தனியாக ஒரே இடத்தில் விடக் கூடாது, கழிவறைக்குப் போகும் நேரத்துக்குக்கூட. மூத்தது பொறாமைப்படும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பாசத்திலும் ஆபத்து இருக்கிறது. எங்கள் மகள் தம்பி அழுகிறானே என்று அவன் வாயில் தன் பொம்மையின் காதைத் திணிக்கப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த சமாதானம் அது.

மாலை நேரத்தை மட்டும் பிரிக்காதீர்கள். பிறந்த குழந்தையின் அழுகை இரண்டாவது வாரத்திலிருந்து ஏறி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். அது பெரும்பாலும் மாலையிலும் முன்னிரவிலும்தான். மூத்ததும் களைத்து அடம் பிடிக்கும் நேரம் அதே நேரம். அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு நான்கு கைகளும் வேண்டும்.

இரவு

இரவில் என் தீர்ப்பு தலைகீழ். அங்கே ஆளுக்கொரு பிள்ளைதான். இரண்டு வயதுப் பிள்ளை ராத்திரி எழுந்தால் ஒருமுறை, இருமுறை எழும். அப்பா பக்கத்தில் இருந்தால் தூக்கக் கலக்கத்தில் அதிகம் கேட்காது. கைக்குழந்தையின் பசியை இரவில் அம்மாவிடமிருந்து பிரிப்பது கடினம். இருவரும் எல்லா அழுகைக்கும் எழுந்தால், காலையில் அந்த வீட்டில் தெளிந்த கண்ணோடு ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

எங்கே படுப்பது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. கைக்குழந்தை குறைந்தது ஆறு மாதம் வரை பெற்றோர் அறையில், ஆனால் தனக்கென்று தட்டையான, அழுத்தமான தனிப் படுக்கையில், மல்லாந்து படுக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-இல் மறுபடி வலியுறுத்தியது. தலையணை, போர்வை, பொம்மை எதுவும் உள்ளே கூடாது. அக்காவும் தம்பியும் ஒரே படுக்கையில் படுப்பது பார்க்க அழகாக இருக்கும், கண்டிப்பாகக் கூடாது. தூக்கத்தில் புரளும் 12 கிலோவுக்கு அடியில் 4 கிலோ என்ன செய்யும்?

காப்பகம் பற்றிக் கொஞ்சம்

மூத்ததைக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டால் இந்தப் பங்கீடே வேண்டாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்கெனவே போய்ப் பழகிய பிள்ளையை நிறுத்த வேண்டாம், அதற்கு அந்த நாளின் ஒழுங்கு பிடிமானம். புதிதாகச் சேர்ப்பதென்றால் பிரசவத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே சேர்த்துவிடுங்கள். தம்பி வந்த வாரமே அனுப்பினால், அவனுக்காகத் தன்னை வெளியேற்றுகிறார்கள் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். சளியும் இருமலும் கூடவே வீட்டுக்கு வரும். வந்ததும் கை கழுவ வைப்பது முக்கியம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

எந்த முறை என்றாலும் அந்த இருபது நிமிடம்

இரவுக்குப் பிள்ளைக் கணக்கு, பகலுக்கு நேரக் கணக்கு. எங்களுக்கு நின்றது இந்தக் கலவைதான். அதிலும் ஒன்றை நான் எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை: தினமும் இருபது நிமிடம், ஒரே நேரத்தில், நானும் மகளும் மட்டும். தம்பி அப்பாவோடு வேறு அறையில். என்ன விளையாட்டு என்பதை அவள் சொல்ல வேண்டும். ஃபோன் அந்த அறைக்குள் வரக் கூடாது.

முதல் நாள் அவள் விளையாட எதையும் எடுக்கவில்லை. என் மடியில் குறுக்காகப் படுத்துக்கொண்டு, "எனக்கும் ஏப்பம் எடுத்துவிடு" என்றாள். தோளில் சாய்த்து முதுகைத் தட்டினேன். சற்று நேரம் கழித்து வாயாலேயே "ஏவ்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, திருப்தியாக இறங்கிப் போய்க் கட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள். மூத்தது திடீரென்று புட்டி கேட்பதும், கழிவறைப் பழக்கத்தை மறப்பதும், மழலை பேசுவதும் சகஜம். "நீ பெரிய பிள்ளை இல்லையா" என்று சொல்லித் தள்ளுவதைவிடக் கொஞ்ச நேரம் குழந்தையாக இருக்க விட்டுவிடுவது சீக்கிரம் பலன் தருகிறது.

பயந்துபோயிருக்கும் பெற்றோருக்கு இதையும் சொல்ல வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிரெண்டா வோலிங்கின் குழு 241 குடும்பங்களை இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்து அதற்கு ஒரு வயது ஆகும்வரை தொடர்ந்து கவனித்தது. பெரும்பாலான மூத்த பிள்ளைகள் பெரிய சிக்கல் எதுவுமில்லாமல் பழகிவிட்டார்கள். அதற்கும் முன்பு, ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் இருவரும் இங்கிலாந்தில் 40 குடும்பங்களை ஆராய்ந்து 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட முடிவுகளில் ஒன்று எனக்கு அன்றாடம் உதவியது: கைக்குழந்தையையும் ஓர் ஆளாக வைத்து, அதற்கு என்ன வேண்டும், என்ன தோன்றுகிறது என்று மூத்ததிடம் ஆரம்பத்திலிருந்தே பேசிய வீடுகளில், பிறகு இரண்டுக்கும் இடையே நட்பு கூடுதலாக இருந்தது. "தம்பி ஏன் அழறான்னு நினைக்கிறே?" என்று மகளிடம் கேட்க ஆரம்பித்தேன். "அவனுக்கு லைட் பிடிக்கலை" என்றாள் ஒருநாள். விளக்கை அணைத்துப் பார்த்தோம். அடங்கிவிட்டான்.

கணவர் வேலைக்குத் திரும்பியதும் பகல் பங்கீடு குலைந்தது. காலை முதல் மாலை வரை இரண்டும் என்னிடம்தான். அப்போது கைகொடுத்தது ஒரு பெட்டி. பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் திறப்பது, முடிந்ததும் மூடி மேலே வைப்பது. உள்ளே நான்கு ஒட்டும் படங்கள், ஒரு பழைய சாவிக்கொத்து, மூடி திருகித் திறக்கும் டப்பா, ஒரு படப் புத்தகம். வாரம் ஒருமுறை ஒன்றிரண்டை மாற்றுவேன். அவள் என் தொடையோடு ஒட்டி உட்கார்ந்து திறப்பாள். படிக்கச் சொன்னால் ஒரு கையால் பக்கம் புரட்டுவேன். இருபது நிமிடம் மட்டும் அவர் வீடு திரும்பிய பிறகு என்று மாறியது.

தம்பிக்கு நாலாவது மாதம் முடிந்து, இரவில் ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க ஆரம்பித்த பிறகு, சனிக்கிழமை இரவுகளில் மட்டும் இடம் மாற்றிக்கொள்கிறோம். அவர் தொட்டில் பக்கம், பால் நேரத்துக்கு மட்டும் என்னை எழுப்புவார். நான் மகள் பக்கம். அவள் வெள்ளிக்கிழமையே கேட்க ஆரம்பித்துவிடுகிறாள்: "நாளைக்கு அம்மா நாளா?"